ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் பயிற்சி நடத்தப் போற அய்யா, அம்மாக்களுக்கு ஒரு மூணாப்பு டீச்சரோட மடல்

அய்யா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் மதுரை மாவட்டத்துல, சுத்தி மல்லித் தோட்டமா இருக்குற ஒரு ஊர்ல தொடக்கப்பள்ளி டீச்சர். ஈராசிரியர் பள்ளி. நாலாப்பும் அஞ்சாப்பும் ஹெச்செம் பாத்துக்குறாங்க, ஒண்ணு ரெண்டு மூணு எங்கிட்ட, ஒரே ரூம்ல மொத்தம் 23 பிள்ளைங்க. அடுத்த பயிற்சியில தலைகீழ் வகுப்பறை, அதான் ஃப்ளிப்டு கிளாஸ்ரூம், பாடத்த வீட்ல பாத்துட்டு வந்து கிளாஸ்ல செஞ்சு பழகுறது, அதப் பத்தி சின்ன வகுப்புக்கும் ஒரு அமர்வு இருக்கும்னு எங்க பக்கத்து டீச்சருங்க பேசிக்கிறாங்க. வந்தா ரொம்ப சந்தோஷம். ஆனா வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சில விஷயம் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா ஒரு வருஷமா நான் இத எங்க ரூம்ல செஞ்சு பாத்துட்டு இருக்கேன், முதல்ல தப்பா செஞ்சேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணேன்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், படிக்கிற பெத்தவங்களுக்காக ஒரு வரி சொல்லிர்றேன். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க. விளையாட்டுப் போட்டிக்குன்னு தூரமாப் போயி பிள்ளைங்க கிளாஸ விட்டுர்றாங்களேன்னு 2007-ல தங்களோட பாடத்த வீடியோவாப் பிடிச்சு குடுத்தாங்க, பிறகு பாடத்த எல்லாரும் வீட்ல பாத்துட்டு வாங்க, கிளாஸ்ல ஒக்காந்து கணக்கு போடுவோம், சோதனை செய்வோம்னு மாத்துனாங்க. அதுக்கும் முன்னாடி 90-கள்லயே ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு ஒரு இயற்பியல் பேராசிரியர், படிச்சிட்டு வாங்க, இங்க வந்து பக்கத்துல இருக்குறவன்கிட்ட பேசிப் புரிஞ்சுக்கங்கன்னு கிளாஸ நடத்துனாரு. பாத்தீங்கன்னா இது அம்புட்டும் ஹைஸ்கூல், காலேஜ் பிள்ளைங்களுக்காக யோசிச்சது. தானா ஒரு எடத்துல ஒக்காந்து வீடியோவ நிறுத்தி, பின்னாடி ஓட்டி, புரியலன்னா ஒரு கேள்விய எழுதி வைக்கிற வயசு அது. எங்க ஒண்ணாப்புப் பிள்ளைக்கு 'புரியல'ன்னு சொல்றதே ஒரு வருஷப் பாடம்.

நான் என்ன பண்ணேன்னா, கடன் வாங்கிக் கழித்தல எடுத்தேன். வருஷா வருஷம் ரெண்டாப்பும் மூணாப்பும் வந்து முட்டி நிக்கிற எடம் அதுதான். 42-ல 17 போனா எவ்வளவுன்னு போட்டா பாதிப் பிள்ளைங்க 35னு எழுதும். ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டக் கழிச்சு அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு, 35. பெருசுல இருந்து சிறுச எடுக்கணும்னு நாமதான சொல்லிக் குடுத்தோம், அது அத அப்படியே நம்புது. போர்டுல நின்னு எத்தன தடவ நடத்துனாலும் சாயங்காலம் நோட்டத் திறந்தா 35. அது ஏன் 35னு போட்டுச்சு, அந்த நேரத்துல அது விரல் எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா அப்ப நான் ஒண்ணாப்புக்கு 'அம்மா ஆடு' சொல்லிட்டு இருந்திருப்பேன்.

சரி, பாடத்த வீட்டுக்கு அனுப்பிட்டா கிளாஸ்ல பிள்ளை பக்கத்துல ஒக்காரலாமேன்னு எட்டு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ எடுத்தேன். வெளக்கமாத்துக் குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, நாலு கட்டு, ரெண்டு உதிரின்னு வச்சு, 17 எடுக்கணும், ஏழு உதிரி இல்ல, அப்ப ஒரு கட்ட அவுக்கணும்னு காட்டுனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு பெத்தவங்க வாட்ஸாப் குரூப்ல போட்டேன். மறுநாள் வந்து கேட்டா ரெண்டாப்பு மூணாப்பு சேத்து 16 பேர்ல அஞ்சு பேர்தான் பாத்திருந்தாங்க. அதுல ஒண்ணு, "பாத்தேன் டீச்சர், நீங்க பச்சை சேலை கட்டிருந்தீங்க"ன்னுச்சு. அவ்வளவுதான் அதுக்கு நெனப்பிருந்துச்சு.

மத்த பதினோரு பேர் ஏன் பாக்கலன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். ஒரு பையன் சொன்னான், "போன் அப்பாகூட திருப்பூர் போயிருச்சு டீச்சர்". இன்னொரு பாப்பா வீட்ல ஒரே போன், அத அண்ணன் வச்சிருக்கான், கேட்டா அடிக்கிறான். ரெண்டு மூணு பேர் வீட்ல நெட் முடிஞ்சு போச்சு. மத்தவங்க தூங்கிட்டாங்க. எங்க ஊர்ப் பக்கம் மல்லி மொட்டு விரியுறதுக்குள்ள பறிக்கணும், அதனால இருட்டோடவே அம்மாக்கள் தோட்டத்துக்குப் போயிருவாங்க. அப்படி எழுந்திரிக்கிற வீட்ல ராத்திரி எட்டு மணிக்கு லைட்ட அணைச்சுருவாங்க. அந்த நேரத்துல எழுப்பி வீடியோ பாருன்னு சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும், சொல்லுங்க. பிள்ளைய காலையில கெளப்பி அனுப்புறது அப்பத்தாவோ அம்மாச்சியோதான், அவங்கள்ல பாதிப் பேருக்கு வாட்ஸாப் திறக்கத் தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு நான் எதிர்பாக்குறதும் நியாயமில்ல.

ஆனா அன்னிக்கு எனக்கு உறைச்சது வேற. வீடியோ பாத்த அஞ்சு பேரும் ஏற்கெனவே வீட்ல பாத்துக்குற ஆள் இருக்குற பிள்ளைங்க. நான் பாடத்த வீட்டுக்கு அனுப்புனதுல அதுங்களுக்கு இன்னொரு படி ஏறிருச்சு, பாக்காத பதினோரு பேருக்கும் இருந்த ஒரு படியும் போச்சு. பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்குறதே அந்தப் பதினோரு பேருக்காகத்தானே. அன்னைக்கு மத்தியானம் எனக்கு சோறு எறங்கல.

அப்புறம் மூணு மாத்தம் செஞ்சேன். முதல் மாத்தம், ஒண்ணாப்புக்கு வீடியோ, வீட்டுப்பாடம் ரெண்டுமே கிடையாதுன்னு முடிவு பண்ணேன். 2018-ல சென்னை உயர் நீதிமன்றம் ஒண்ணாப்பு ரெண்டாப்புக்கு வீட்டுப்பாடம் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது உங்களுக்கு நெனப்பிருக்கும், சிபிஎஸ்இ பள்ளிகளப் பத்தின வழக்குல வந்த உத்தரவுதான், ஆனா அதுல இருக்குற நியாயம் எல்லாப் பிள்ளைக்கும் ஒண்ணுதான். வீட்டுப்பாடத்த வேற பேர்ல வீடியோன்னு அனுப்புனா அது வீட்டுப்பாடம் இல்லாமப் போயிருமா.

ரெண்டாவது, வீடியோ பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும்னு விட்டேன். காலை உணவுத் திட்டம் எங்களுக்கு இதுல ரொம்ப உதவியா இருந்துச்சு. 2022 செப்டம்பர்ல நம்ம மதுரையில, ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்ச திட்டம் அது, அடுத்த வருஷமே எங்க மாதிரி கிராமத்துப் பள்ளிக்கும் வந்துருச்சு. அதுல இருந்து பிள்ளைங்க எட்டேகாலுக்கே வந்துருதுங்க. சாப்பிட்டு கை கழுவிட்டு பிரேயர் பெல் அடிக்கிற வரைக்கும் இருபது நிமிஷம் சும்மா ஓடிட்டு இருக்கும். அந்த நேரத்துல ஜன்னல் ஓரமா ஒரு பாயப் போட்டு, டேப்லெட்ட ஒரு செங்கல் மேல சாச்சு வச்சு, நாலு நாலு பேரா ஒக்காந்து பாக்கச் சொல்றேன். எட்டு நிமிஷ வீடியோவ மூணு நிமிஷமாக் கொறைச்சேன், நடுவுல "இப்ப நீ ஒரு கட்ட அவுத்துப் பாரு"ன்னு சொல்லிட்டு வீடியோவுல நானே பேசாம இருப்பேன். பக்கத்துல குச்சிக் கட்டு தயாரா இருக்கும். பாக்குறது மட்டும் கிடையாது, கை வேலையும் அங்கயே நடக்குது.

ஒரு பையன் இருக்கான், வாயத் திறக்கவே மாட்டான், கேள்வி கேட்டா கண்ணுல தண்ணி வந்துரும். அவன் ஒரு நாள் எல்லாரும் எந்திரிச்சுப் போன பிறகும் பாயிலயே ஒக்காந்து அந்தக் கட்டு அவுக்குற எடத்த மட்டும் திருப்பித் திருப்பி மூணு தடவ ஓட்டிப் பாத்தான். எங்கிட்ட மூணு தடவ கேட்டிருப்பானான்னா கேட்டிருக்க மாட்டான். அன்னிக்கு கணக்கு நேரத்துல நான் அவன் பக்கத்துல தரையில ஒக்காந்திருந்தேன். 42 வச்சான், 17 எடுக்கப் போனான், ரெண்டு உதிரிய எடுத்துட்டு கை அப்படியே நின்னுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "கட்ட அவுக்கவா டீச்சர்?"னு கேட்டான். அவுத்தான். 25னு எழுதினான். பதினொரு வருஷமா கடன் வாங்கிக் கழித்தல் நடத்துறேன், ஒரு பிள்ளைக்கு அது புரியுற அந்த நொடிய பக்கத்துல இருந்து பாத்தது அன்னைக்குத்தான். ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்ல எனக்குக் கெடச்சது அந்த எடம். வீடியோ எனக்குத் தொண்டைத் தண்ணிய மிச்சம் பண்ணிக் குடுத்துச்சு, மிச்சமான நேரத்த பிள்ளை பக்கத்துல ஒக்காரச் செலவழிச்சேன். இத நீங்க பயிற்சியில மொத வரியாச் சொல்லணும்னு ஆசப்படுறேன்.

மூணாவது மாத்தம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வீட்டுக்கு எதாவது அனுப்பித்தான் ஆகணும்னா போன் வேண்டாத ஒண்ண அனுப்புவோம்னு நெனச்சேன். அளவைகள் பாடம் வந்துச்சு. முதல் நாள் சாயங்காலம் ஒண்ணே ஒண்ணு சொல்லி அனுப்புனேன்: வீட்ல பூக் கட்டுற யார்கிட்டயாவது ஒரு முழம் எவ்வளவுன்னு கேட்டு, அந்த அளவுக்கு நூலோ வாழநாரோ வெட்டிட்டு வாங்க. எங்க ஊர்ல முழம் போடத் தெரியாத வீடு கெடையாது. மறுநாள் 16 பேர்ல 16 பேரும் கொண்டாந்தாங்க. இந்தப் பள்ளியில நான் சொன்ன ஒரு வேலைய எல்லாப் பிள்ளையும் செஞ்சுட்டு வந்தது அதான் முதல் தடவ.

அந்த 16 நூலையும், பிள்ளைங்க செஞ்சத மாட்டி வைக்க ரூம்ல கட்டுன பழைய கம்பிப் பந்தல்ல வரிசையாத் தொங்க விட்டோம். ஒண்ணுக்கொண்ணு நீளம் ஒத்து வரல. ஒரே சத்தம். "எங்க அப்பத்தாதான் சரியா அளப்பாங்க", "உங்க அப்பத்தா ஏமாத்துது", "எங்க அம்மாச்சி கை பெருசு". ஒரு பாப்பா தன்னோட கையவே வச்சு அளந்து பாத்துட்டு, அப்பத்தா முழத்துக்கு தன் முழம் பத்தலன்னு குழம்பி நின்னுச்சு. நான் ஸ்கேல எடுத்து குடுத்தேன், வேற ஒண்ணும் பேசல. அப்பத்தா நூல் 42 சென்டிமீட்டர், அந்தப் பாப்பா கை 33. அப்ப ரெண்டாப்புப் பையன் ஒருத்தன் சொல்றான், "அப்ப பூ வாங்கப் போனா கை பெருசா இருக்குற ஆள்கிட்டதான் டீச்சர் வாங்கணும்". எல்லா ஊருக்கும் பொதுவா ஒரு அளவு எதுக்கு வேணும்னு நான் நடத்த வேண்டிய பாடத்த அவனே நடத்தி முடிச்சுட்டான். வீட்ல மொத சந்திப்பு, கிளாஸ்ல அலசல், இதுவும் தலைகீழ் வகுப்பறைதானே. ஒரு எம்பி டேட்டா செலவாகல.

கம்பிப் பந்தல்னு சொன்னேன், உங்கள்ல வயசுல மூத்தவங்களுக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு நெனப்பிருக்கும். செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003-ல ஆரம்பிச்சு 2007-08-ல தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. பாட அட்டை, எந்த அட்டைக்கு அப்புறம் எதுன்னு காட்டுற ஏணிப்படி, பிள்ளை உசரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, டீச்சர் பாயில ஒக்காரணும், பிள்ளை தன் வேகத்துல போகும். கொலராடோவுல ரெண்டு வாத்தியாரு கேமராவத் தூக்குன அதே வருஷம் நம்ம ஊர்ல நாற்காலிய ஓரமா வச்சுட்டு டீச்சருங்க தரையில ஒக்காந்தாங்க. அதுல கொறை இருந்துச்சு, அட்டை தேடுறதுலயே நேரம் போகும், பதிவேடு எழுதியே கை வலிக்கும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா சின்ன வகுப்புல டீச்சர் நின்னு பேசுறதக் கொறைச்சுக்கணும்ங்கறது நமக்கு எங்கயோ இருந்து வந்து சொல்ல வேண்டிய விஷயம் இல்ல. இப்ப சின்ன வகுப்புக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல இருந்து நடக்குது, அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைய நிலை பிரிச்சுத்தான் சொல்லித் தர்றோம். ஒரு ரூம்ல மூணு நிலைக்கும் ஒரே ஆள் எப்படி ஒரே நேரத்துல இருக்குறதுன்னு எல்லாரும் முழிச்சுட்டு இருக்கோமே, அந்த எடத்துலதான் இந்த மூணு நிமிஷ வீடியோ உபயோகமா இருக்கு. மலர் நிலைப் பிள்ளைங்க பாயில வீடியோ பாக்கும்போது நான் அரும்பு பக்கத்துல இருப்பேன். பயிற்சியில எண்ணும் எழுத்தும், தலைகீழ் வகுப்பறை ரெண்டையும் தனித்தனி அமர்வா வைக்காம சேத்துப் பேசுங்க, அது போதும்.

எதுக்கு ஒத்து வரலங்கறதையும் சொல்லிர்றேன், இல்லன்னா நான் எழுதுறது விளம்பரம் மாதிரி ஆயிரும். தமிழ் வாசிப்புக்கு இது எனக்கு சுத்தமா ஒத்து வரல. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வீடியோ போட்டா அது கூடவே பாட்டு மாதிரி சொல்லிருது, புத்தகத்தக் குடுத்தா தடுமாறுது. கொம்பு, கால், சுழி மாறி எந்த எடத்துல சறுக்குதுன்னு பக்கத்துல இருந்து காதாலக் கேட்டாத்தான் தெரியும். அதுக்கு வீடியோ வேண்டாம், விட்டுட்டேன். கல்வித் தொலைக்காட்சி 2019-ல வந்ததுல இருந்து நல்ல வீடியோ நெறைய இருக்கு, பாடப் புத்தகத்துல க்யூஆர் கோடும் இருக்கு, கொரோனா காலத்துல அதுதான் எங்களக் காப்பாத்துச்சு. ஆனா ஏழு வயசுப் பிள்ளை தெரிஞ்ச குரலுக்குத்தான் பதில் சொல்லுது. என் வீடியோவுல "கட்டு எங்க இருக்கு?"ன்னு கேட்டா டேப்லெட்டப் பாத்து "இங்க இருக்கு டீச்சர்"னு கத்துதுங்க. அதனால அந்தந்த டீச்சர் தன் போன்ல சுமாரா எடுத்தாலும் பரவால்லன்னு சொல்லிக் குடுங்க. எடிட்டிங் வகுப்புக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டாம்.

ஊர்லயும் பேச்சு வந்துச்சு. டீச்சர் பாடம் நடத்துறதில்லையாம், டிவி போட்டு விட்டுட்டு தரையில ஒக்காந்திருக்காங்களாம்னு. ஒரு அப்பத்தா நேராவே வந்து, "ஏத்தா, எம்பேரனுக்கு நீ வாயத் தொறந்து சொல்லித் தர மாட்டியா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பில்ல. உள்ள வாங்க அப்பத்தான்னு கூப்ட்டு கணக்கு நேரம் முழுக்க ஒக்கார வச்சேன். போகும்போது பேரன் தலையத் தடவிட்டு, "நாளைக்கும் வரட்டுமா"ன்னாங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல அவங்களே எந்திரிச்சு எனக்காகப் பேசுனாங்க. பயிற்சியில இதுக்கும் ஒரு பத்து நிமிஷம் வேணும், பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டுச் செய்யணும்னு, நான் அத செய்யாம விட்டுட்டேன்.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. எத்தன பேர் வீடியோ பாத்தாங்கன்னு கணக்குக் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நாங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஆரம்பிச்சுருவோம், அத்தோட எல்லாம் முடிஞ்சது, பாக்காத பதினோரு பேர் அந்த எண்ணிக்கைக்குள்ள காணாமப் போயிருவாங்க. ஏற்கெனவே எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, பதியுற வேலையே தலைக்கு மேல இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணாப்புக்கு வீட்டுக்கு வீடியோ அனுப்பச் சொல்லாதீங்க. வீட்டுக்கு எது போனாலும் அது எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவால செய்ய முடியுற வேலையா இருக்கணும், இந்த ஒண்ண மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. வீடியோ எடுக்கச் சொல்லித் தர்றத விட மிச்சமாகுற அந்த நேரத்துல டீச்சர் என்ன செய்யணும், எந்தப் பிள்ளை பக்கத்துல மொதல்ல ஒக்காரணும், ஒக்காந்து எப்பப் பேசணும், எப்பப் பேசாம இருக்கணும்னு சொல்லித் தாங்க. எனக்கே அதுல இன்னும் நெறையக் கத்துக்க வேண்டியிருக்கு. புரொஜெக்டர் போட்டு ஸ்லைடு காட்டுறதுக்குப் பதிலா ஏதாவது ஒரு ஈராசிரியர் பள்ளியில, நெசப் பிள்ளைங்கள வச்சு நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. எங்க ரூமே கூட தயாரா இருக்கு.

அடுத்த வாரம் நாங்க நிறுத்தல் ஆரம்பிக்கிறோம். கிலோ, கால் கிலோ, அரைக் கிலோ. இந்தத் தடவ வீட்டுக்குச் சொல்லி அனுப்பப் போறது, தோட்டத்துல ஒரு கையால அள்ளுனா எத்தன மொட்டு வரும்னு அம்மாகிட்டக் கேட்டுட்டு, முடிஞ்சா ஒரு கை மொட்டு கொண்டு வாங்கன்னு. பூ வியாபாரி ஒருத்தரு தராசு தர்றேன்னு சொல்லிருக்காரு. வியாழக்கிழமை காலையில, பிள்ளைங்க சாப்பிட்டு முடிக்கிற நேரம், எட்டரைக்கு வாங்க. பாய் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒண்ணு ரெண்டு மூணாப்பு டீச்சர்,
மதுரை மாவட்டம்